பூவாளித் துப்பாக்கி

மார்ச் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் சண்டை. பஸ் கிளம்பியதால் பாதியில் நின்றுபோன சண்டை இது. மீதியை மனசிலேயே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த மலையில் செல்போன் சிக்னல் கிடையாது. ஆபீசில் இருக்கிற ஒரே இணைப்பு வேலைக்கு மட்டும்தான். சாமான் வண்டி வாரம் ஒருமுறை வரும்போது தபால் வரும், போகும். அதனால் நீங்கள் குறுக்கே பேசி என்னை மடக்க முடியாது. முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டுப் போட்டியில், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரணியில் ஒரே ஒருத்தன் மிச்சம். நான் குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, அவன் தலைமேல் குறியை வைத்திருக்கிறேன். அவன் ஓடிக்கொண்டே, என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, உங்கள் கம்பெனியின் அந்தப் பூவாளியைத் தூக்கிப் பொழிகிறான். எங்கேயோ போக வேண்டிய ஒரு குண்டு வழி தவறி வந்து என்னைச் சாய்த்துவிட்டது. ஒரு வருடப் பயிற்சி போச்சு. பூவாளி என்று பெயர் வைத்தது நானில்லை. விளையாடுகிற அத்தனை பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி குண்டு தெளிக்கும் துப்பாக்கிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

சும்மா குறை சொல்லவில்லை. சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, மவுஸை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டு, முழு மேகசினையும் சுட்டுப் பார்த்தேன். கை அசையவே இல்லை. ஆனாலும் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இறைந்து கிடந்தன. குறிவைத்த இடத்துக்குக் குண்டு போகாதென்றால் குறி எதற்கு, கண் எதற்கு? உங்கள் ஆபீசில் எந்த மகாராசன் இந்த வட்டத்தை வரைந்தான்?

கிளம்புவதற்கு முன் ஆட்டக்காரர்கள் கூடும் இணையதளத்தில் ஒரு மனு போட்டுவிட்டேன். பூவாளியின் சிதறலை அடியோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூவாளியையே எடுக்க வேண்டும். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்றால் மன்னியுங்கள். ஆனால் மனுவை எடுக்க மாட்டேன்.

இப்போது நலம். சௌக்கியமா? அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். என் பெட்டியைத் தூக்கித் தராமல் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றானே, பெரிய துரை. அதற்கும் சேர்த்துக் கோபம்.

வாலு


மார்ச் 12

வாலுக்கு,

நாத்தனார் என்றால் நகைக்கும் சொத்துக்கும் சண்டை போடுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தவள் துப்பாக்கிக்குச் சண்டை போடுகிறாள். அதுவும் இல்லாத துப்பாக்கிக்கு. என் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று விழிப்பார்.

மவுஸை டேப் போட்டு ஒட்டியதைப் படித்து ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். நாங்களும் அப்படித்தான் சோதிக்கிறோம், டேப் மட்டும் கிடையாது. நீ பார்த்தது சரி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வட்டம் உண்டு. அதற்குள் குண்டு எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். நின்று சுட்டால் வட்டம் சின்னது, ஓடினால் பெரியது, விரலை எடுக்காமல் சுட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் பெரியது. உன் நீளத் துப்பாக்கிக்கு வட்டம் கடுகளவு. பூவாளிக்குத் தட்டளவு. அதனால்தான் பூவாளி குண்டுக்கு வலு குறைவு, நீ ஒருமுறை சரியாகச் சுட்டால் ஆள் காலி. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

உன் மனு காட்டுத்தீ மாதிரி பரவுகிறது. இத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று நீயே நினைத்திருக்க மாட்டாய். எங்கள் குழுத்தலைவி ஏப்ரல் பதினான்காம் தேதி கூட்டம் வைத்திருக்கிறாள். சிதறலை எடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாகிவிடும்.

நீ கோபப்படாமல் ஒன்றை யோசி. விளையாடுகிற எல்லாருக்கும் உன் கண்ணும் உன் கையும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிக்கொண்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் வீட்டிலேயே நாம் மூன்று பேரும் அப்படித்தானே ஆடினோம்.

இதற்கு மேல் எழுத ஒன்று இருக்கிறது. எழுதி, கிழித்துவிட்டேன். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். உன் மனுவைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

கிழித்த கடிதத்தைப் பற்றி எழுதி அனுப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஒன்று சொல்லுங்கள், இல்லை சும்மா இருங்கள். இங்கே கண்டெய்னர் அறையில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மலையின் இரண்டு பக்கமிருந்தும் சுரங்கம் தோண்டுகிறார்கள். நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும். அளவெடுத்துத் திசை சொல்வது நான். ஒரு சாண் தப்பினாலும் என் தலைதான் உருளும். அங்கே போய் 'எல்லாருக்கும் ஒரே கண்ணா இருக்கு, கொஞ்சம் அப்படி இப்படித்தான் வரும்' என்று சொன்னால் விடுவார்களா? நீங்கள் பொது நியாயம் பேசுகிற ஆளே இல்லை. அந்த வட்டத்தை வரைந்தது உங்களுக்கு வேண்டிய யாரோ. அவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பையனா? பாவம் என்றால் பெயரையாவது சொல்லாமல் விடுங்கள், ஆனால் தப்பைத் தப்பென்று ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் அண்ணனின் பேக்கரியிலிருந்து எனக்கு வந்த கேக். அதில் 'வாலு' என்று எழுதியது அண்ணன் இல்லை. 'லு'வின் வாலை இழுத்து அவன் சுழிக்கிற விதம் எனக்குத் தெரியாதா? ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கில் பெயர் எழுதுகிறவன், தங்கைக்கு எழுத நேரமில்லையா? இத்தனை வாரத்தில் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீங்களே எழுதுகிறீர்கள், அவன் கேட்டதாகச் சொல்கிறீர்கள்.

என் மேல் ஏதாவது கோபமா அவனுக்கு? பூவாளியைத் திட்டினேன், அவனுக்கு அது பிடித்த துப்பாக்கி என்று தெரிந்தும் திட்டினேன். அதற்கா? அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லையே.

உண்மையை எழுதுங்கள்.

வாலு


மார்ச் 29

வாலுக்கு,

அந்த வட்டத்தை வரைந்த மகாராசி நான்தான்.

உட்கார்ந்து படி. உன் அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. வலது கை. போன வருடம் ஆரம்பித்தது. முதலில் தூக்கமின்மை என்று நினைத்தோம், பிறகு காபியைக் குறைத்தோம், பிறகு டாக்டரிடம் போனோம். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் முழுக்கப் போகாது, மெல்லக் கூடலாம் என்றார். மாத்திரை சாப்பிடுகிறார். கேக்கில் பெயர் எழுதுவதை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்கிறார். பஸ் கிளம்பிய இடத்தில் கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தது அதனால்தான். "அவ பரீட்சை மாதிரி அந்தப் போட்டிக்குத் தயாராகிட்டு இருக்கா, அப்புறம் புது வேலை, இப்பப் போய்ச் சொல்லாதே" என்று என் வாயைக் கட்டிவிட்டார். இன்றைக்கு அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நாம் மூன்று பேரும் ஆடும்போது அவர் எப்போதும் முதலில் சாவார், நினைவிருக்கிறதா? நீ கிண்டல் செய்வாய், அவரும் சிரிப்பார். ஒருநாள் நீ போன பிறகு, "நான் உங்க ரெண்டு பேருக்கும் பாரம். வேற நல்ல ஆளாப் பாத்துச் சேத்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அப்போதுதான் ஆபீசில் புதுத் துப்பாக்கி ஒன்றை வடிவமைக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். சோதனைக்கு என்று சொல்லி அவரை உட்காரவைத்து ஒரு புள்ளியையே பார்க்கச் சொன்னேன். மவுஸ் போன தடம் திரையில் நூல்கண்டு அவிழ்ந்தது மாதிரி கிடந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பூவாளியின் சிதறல் அதுதான். உன் அண்ணன் கை எவ்வளவு ஆடுமோ அவ்வளவு. கை அசையாதவள் சுட்டாலும் குண்டு அதற்குள் எங்கேயாவதுதான் போகும். கை ஆடுகிறவர் சுட்டாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். மற்ற துப்பாக்கிகளில் அவர் உன்னிடம் தோற்பது மலையளவு, இதில் கொஞ்சம்தான். அவ்வளவுதான் நான் செய்தது.

அவருக்குத் தெரியாது. "இந்தத் துப்பாக்கி எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? உன் மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "உங்களுக்குப் பிடிச்ச துப்பாக்கிதானே, எதுக்குப் போட்டீங்க?" என்றேன். "வாலு கேட்டா, போட்டேன். இந்த விஷயத்துல அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் செய்தாய். தெரிவிக்காதது நான்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

மெஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். எல்லார் முன்னாலும் அழுதேன். துளை போடும் மேஸ்திரி ஓடிவந்து, "வீட்ல யாருக்காவது ஏதாவதாம்மா?" என்று கேட்டார். "எங்க அண்ணனுக்குத் துப்பாக்கி" என்றேன். மனிதர் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு என் பக்கத்திலேயே உட்காரவில்லை.

எனக்குச் சொல்லாமல் விட்டீர்களே என்று உங்கள் மேல் கோபம் வருகிறது, பிறகு போய்விடுகிறது. அவன் முதலில் செத்த ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன கிண்டல் எல்லாம் வரிசையாக வருகிறது. அவன் கை அப்படி ஆடும்போது எனக்கு ஈடு கொடுத்து ஆடியிருக்கிறான். அதைக்கூடப் பார்க்கவில்லை நான்.

மனுவை இங்கிருந்து எடுக்க முடியாது. எடுத்தாலும் கையெழுத்துப் போட்டவர்கள் சும்மா விடமாட்டார்கள். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மனு போட்டவளே எழுதுகிறேன் என்று சொல்லிக் கூட்டத்தில் படியுங்கள். அண்ணனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போட்டிகளில் மட்டும் பூவாளி வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். கருவியை அசையாமல் வைத்து ஒரே புள்ளியை நாலு தடவை அளந்தால் எனக்கே நாலு விடைதான் வருகிறது. ஒவ்வொன்றும் மயிரிழை தள்ளித்தான் வருகிறது. அதற்காக யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்துவதில்லை.

அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

வாலு


ஏப்ரல் 17

வாலுக்கு,

நீ ஜெயித்தாய். நான் தோற்றேன். விவரமாகச் சொல்கிறேன்.

கூட்டத்தில் உன் தாளைப் படித்தேன். அதற்குப் பிறகு நானும் வாய் திறந்தாக வேண்டியிருந்தது. வட்டத்தின் அளவு எங்கிருந்து வந்தது என்று குழுத்தலைவி நேராகவே கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உன் வீட்டுக்காரருக்காகச் செஞ்சியா?" "ஆமா." என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அவள், யார் ஆடுகிறார்கள், யார் விட்டுப்போகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறவரைக் கூப்பிட்டாள். எப்போதும் முதலில் செத்து, சலித்துப்போய் ஆட்டத்தையே விட்டுப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. பூவாளி வந்த பிறகு அவர்களில் நிறையப் பேர் போகாமல் இருக்கிறார்கள் என்றார் அவர். முடிவு நீ கேட்டபடியே ஆயிற்று. போட்டிகளில் பூவாளி கிடையாது. மற்ற ஆட்டங்களில் இருக்கும், வட்டமும் அப்படியே இருக்கும். எனக்கு ஒரு கண்டிப்பு மட்டும் கிடைத்தது, அது நியாயம்தான்.

ஆனால் வெளியார் முன்னால் பேச்சு வந்தாலும் வரும் விஷயம். அதனால் முந்தின நாளே உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்த முட்டாள் நான்.

"அப்போ நான் சுட்டது எல்லாம் நீ சுட்டதா?" என்றார்.

இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். ஹெட்போனைச் சுருட்டி அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து அலமாரிமேல் ஏற்றிவிட்டார். சாயங்காலம் செய்தி பார்க்கிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார், காய் நறுக்கித் தருகிறார். ஒருநாள் மட்டும், "கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்கு என் மேல பரிதாபம் வர்ற மாதிரி ஆகிட்டேன்ல" என்றார்.

துப்பாக்கியைக் காப்பாற்றினோம், ஆளைத் தொலைத்துவிட்டோம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை வாலு. நீதான் ஏதாவது சொல்ல வேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

மே மாதம் முதல் ஞாயிறு எனக்கு லீவு. மலையடிவார ஊருக்குப் போகிறேன். அங்கே கம்ப்யூட்டரில் விளையாடுகிற கடை ஒன்று இருக்கிறதாம். மத்தியானம் மூன்று மணிக்கு அங்கிருந்து ஆட்டத்துக்குள் வருவேன். அவனும் வீட்டிலிருந்தே ஆட வர வேண்டும். அவன் பூவாளி, நான் என் நீளத் துப்பாக்கி. நாங்கள் இருவர் மட்டும்.

கீழே இருப்பதை அவனிடம் அப்படியே படித்துக்காட்டுங்கள். பேசாமல் இருந்தால் இன்னொரு தடவை படியுங்கள்.

'டேய் அண்ணா. அண்ணி உனக்குக் கொடுத்தது ஒரு வட்டம். அவ்வளவுதான். எங்கே ஒளியணும், எப்ப வெளிய வரணும், எப்ப விரலை எடுக்கணும்னு வட்டம் சொல்லித் தராது. அதே துப்பாக்கியை வெச்சுக்கிட்டு ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அண்ணி சுட்டதா நீ சுட்டதாங்கிற சந்தேகம் என்கிட்ட வந்து தீரட்டும். அண்ணி பாவம் பாப்பாங்க, அவங்க அப்படி. நான் எந்த வயசுல உனக்கு விட்டுக்கொடுத்திருக்கேன்? கடைசித் துண்டு கேக்கைக்கூட விட்டதில்ல. கை நடுங்குதுன்னு வராம இருந்தா சரி. எனக்குப் பயந்து வராம இருந்தா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன்.'

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அவன் வராவிட்டால் அந்தக் கடையில் உட்கார்ந்து யாரையாவது சுட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். வர வேண்டும் அண்ணி. எனக்கு அவன் வேண்டும்.

வாலு


மே 8

வாலுக்கு,

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக்காட்டியபோது அவர் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் முறை படித்தேன். "அந்தக் கடைசித் துண்டு கேக் எல்லாம் நான் விட்டுக்கொடுத்தது. அவளா எடுத்துக்கிட்டதா நினைச்சிட்டு இருக்காளா?" என்றார். எழுந்துபோய் நாற்காலி போட்டு ஏறி அட்டைப்பெட்டியை இறக்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பயம், சொன்னால் திரும்ப ஏற்றிவிடுவாரோ என்று.

ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. துணி மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன். அவர் தோற்கிற சத்தம் எனக்குத் தெரியும், நாக்கால் 'ச்சு' என்பார். ச்சு, ச்சு என்று வந்துகொண்டே இருந்தது. நீ ஈவிரக்கம் இல்லாமல் கொன்றுகொண்டிருந்தாய். உன்னைத் திட்டினேன், உண்மையாகவே திட்டினேன். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் நாற்காலி கீழே கிடக்கிறது, இவர் அறை நடுவில் நின்றுகொண்டு ஆடுகிற கையாலேயே திரையைக் காட்டுகிறார், அதில் நீ விழுந்து கிடக்கிறாய். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் பேக்கரிக்குச் சீட்டி அடித்துக்கொண்டு போனார். அதற்கு மறுநாள் சாயங்காலம் அமைதியாகிவிட்டார். கேட்டேன். "வாலு விட்டுக்கொடுத்திருப்பாளோ?" என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். நான் அவரிடம் ஒருமுறை மறைத்தேன். நல்லதற்குத்தான் செய்தேன், ஆனாலும் அவர் உள்ளே ஏதோ ஒடிந்தது. இரண்டாம் முறை ஒடிந்தால் ஒட்டாது. அதனால் கேட்கிறேன். விட்டுக்கொடுத்தாயா? கொடுத்திருந்தாலும் உண்மையையே எழுது. உன் பதிலை அவரிடமே கொடுக்கப்போகிறேன்.

அண்ணி


மே 15

அண்ணிக்கு, பக்கத்தில் நின்று படிக்கிற அண்ணனுக்கும்,

இல்லை.

விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கடைக்குள் நுழையும்போது இருந்தது. முதல் ஆட்டத்திலேயே அவன் என்னைக் குந்தவிடாமல் துரத்திய விதத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனை அண்ணன் என்றே நினைக்கவில்லை. சுட்டேன், சுட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசி ஆட்டம் அந்தப் பழைய கிடங்கில். நான் மூலையில், கடைசிப் பெட்டிக்குப் பின்னால். பூவாளி தூரத்தில் ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொழிவான், வட்டம் பெரிதாகும், மேகசின் தீரும், அப்போது தலையை நீட்டி ஒரே குண்டில் முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் பொழியவில்லை. இரண்டு குண்டு சுட்டான், நிறுத்தினான். இடம் மாறி இரண்டு குண்டு. நிறுத்தினான். எந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறான் என்று எனக்குக் குழம்பிவிட்டது. அப்புறம் காலடிச் சத்தம் கேட்டது. ஓடவில்லை, நடந்து வருகிறான். வட்டம் தூரத்தில்தான் தட்டளவு. பக்கத்தில் வந்துவிட்டால் அது உள்ளங்கை அளவுகூட இல்லை. அதை அண்ணி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவன் தோற்றுத் தோற்று அன்று மத்தியானமே கண்டுபிடித்தது.

நெருங்கி வந்துவிட்டான். எழுந்தேன். தலைக்குத்தான் குறிவைத்தேன், நெற்றிக்கு நடுவில். சத்தியமாகச் சொல்கிறேன், கொல்லத்தான் சுட்டேன். என் துப்பாக்கிக்கு வட்டம் கடுகளவுதான், குறி எங்கேயோ குண்டு அங்கே. தப்பிவிட்டது. என் கை நடுங்கியது அண்ணா. உனக்குப் பயந்து நடுங்கியது.

வாலு